ஐப்பசிக் குற்றாலம்

ஐப்பசி மாதத்தில் குற்றாலம் போகப் போகிறோம் என்று நாம் சொன்னவுடன், எங்கள் பள்ளிக்கூடத்து ஆசிரியர் அறையில் இருந்த அத்தனை பேரும் சிரித்துவிட்டார்கள். "கல்யாணம் முடிந்து, பந்தலைப் பிரித்து, வாழைமரத்தையும் ஆடு தின்ற பிறகு மொய் எழுதப் போகிற கதையாக அல்லவா இருக்கிறது!" என்றார் கணக்கு வாத்தியார். அவர் சொன்னதில் நியாயம் இல்லாமலில்லை. ஆனி, ஆடி மாதங்களில் தென்மேற்குக் காற்று செங்கோட்டைக் கணவாய் வழியே புகுந்து வந்து, மலையின் கிழக்குப் பக்கத்தில் சாரலைத் தூவிக்கொண்டிருக்கும்போதுதான் குற்றாலம் போகவேண்டும். அதற்குத்தான் 'ஸீஸன்' என்று பெயர். ஸீஸனுக்குப் போகாதவன் குற்றாலம் போகாதவனே என்பது தமிழ்நாட்டில் ஏறக்குறைய சட்டமாகிவிட்ட வழக்கம்.

ஆனால் எங்கள் வீட்டில் ஸீஸனைத் தீர்மானிப்பது தென்மேற்குக் காற்று அல்ல, நம் தாயார்.

அம்மாவுக்கு வயது எழுபத்து நான்கு. அவர் பிறந்ததும் வாழ்க்கைப்பட்டதும் கோவில்பட்டியைச் சுற்றியுள்ள கரிசல் கிராமங்களில். எங்கள் ஊரிலிருந்து காலையில் பஸ் ஏறினால் மத்தியானச் சாப்பாட்டுக்குக் குற்றாலம் போய்விடலாம். இருந்தும் இத்தனை வருஷத்தில் அவர் ஒரு தடவை கூட அருவியைப் பார்த்ததில்லை. ஒவ்வோர் ஆண்டும் ஆடியில் கூப்பிடுவோம். ஒவ்வோர் ஆண்டும் மறுத்துவிடுவார். கோடை உழவு, கிடை அமர்த்துவது, எருவடிப்பது, கரையிலுள்ள முள்ளை வெட்டுவது என்று காட்டில் ஏதாவது ஒரு வேலை இருக்கும். கிராமத்தில் எங்களுக்கு மூன்று ஏக்கர் இருக்கிறது. சித்தப்பா மகன் பார்த்துக்கொள்கிறான். இருந்தாலும் அம்மா மனத்தால் தினமும் அங்கே ஒரு நடை போய்விட்டு வந்துவிடுவார்.

சென்ற ஐப்பசியில் தீபாவளி கழிந்த வாரம், அவராகவே சொன்னார்: "வெதைச்சாச்சு. இனி மழை வந்தாத்தான் சோலி. எங்கயோ கூட்டிட்டுப் போறேன்னு சொல்லுவியே ஐயா, இப்ப வேணா வாரேன்."

கரிசல் விவசாயிக்கு ஆண்டில் ஓய்வு உண்டென்றால் அது இந்த ஒரு பொழுதுதான். விளக்கிச் சொல்ல வேண்டும்.

எங்கள் ஊரை நேயர்களில் பலர் ரயில் ஜன்னல் வழியாகப் பார்த்திருப்பார்கள். மதுரையிலிருந்து திருநெல்வேலிக்குப் போகும் பாதையில், "கடலை மிட்டாய்! கடலை மிட்டாய்!" என்ற குரல் எந்த ஸ்டேஷனில் காதைத் துளைக்கிறதோ அதுதான் கோவில்பட்டி. அந்த மிட்டாய்க்கு 2020-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. தீப்பெட்டியும் பஞ்சாலையும் அதற்கு முன்பே ஊருக்குப் பேர் வாங்கித் தந்தவை. ஊரின் நான்கு பக்கமும் கரிசல் மண். கோடையில் அது வெடித்துக் கிடக்கும் வெடிப்பில் ஆட்டுக்காரன் தன் கம்பை விட்டால் பாதி உள்ளே போய்விடும். ஒரு மழை பெய்துவிட்டாலோ அதே மண் உப்பி, வெடிப்பெல்லாம் மூடி, நடக்கிறவன் காலுக்குப் பத்தடிக்குள் ஒரு ஜோடிச் செருப்புத் தைத்துக் கொடுத்துவிடும். குடித்த தண்ணீரை லேசில் விடாத மண் அது. பெய்கிற மழையை மார்கழி, தை வரைக்கும் அடிவயிற்றில் வைத்திருந்து பயிருக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கும். ஆண்டு முழுவதும் சேர்த்தாலும் எங்கள் பக்கத்து மழை 700 மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும். அதில் பெரும்பங்கு ஐப்பசியிலும் கார்த்திகையிலும் விழ வேண்டியது. இந்தச் சொற்ப மழையைக் கொண்டு எதை எப்படி விளைவிக்கலாம் என்று ஆராய்வதற்கென்றே 1901-ஆம் ஆண்டில் கோவில்பட்டியில் விவசாய ஆராய்ச்சி நிலையம் ஒன்றை ஏற்படுத்தினார்கள். அது இன்றும் இருக்கிறது.

ஆனால் எந்த ஆராய்ச்சிக்கும் முந்திய வித்தை ஒன்று எங்கள் ஜனங்களிடம் உண்டு. மழை பெய்த பிறகு கரிசலில் இறங்க முடியாது. ஆளும் மாடும் டிராக்டரும் புதைந்துவிடும். ஆகையால் மழைக்கு முன்பே, புரட்டாசியில், காய்ந்த புழுதியிலேயே உளுந்தையும் பாசிப்பயற்றையும் மக்காச்சோளத்தையும் விதைத்துவிடுவார்கள். விதை புழுதிக்குள் படுத்துக்கொண்டு மழைக்குக் காத்திருக்கும். நல்ல மழை பெய்தால் எல்லாம் ஒரே நாளில் கண் விழிக்கும். அரைகுறையாகத் தூறிவிட்டுப் போனாலோ விதை ஏமாந்து முளைவிட்டு, அடுத்த வெயிலில் கருகிவிடும். மறுபடி விதை வாங்க வேண்டும். அதற்கு வேறு கடன் வாங்க வேண்டும். விதைத்த நாளுக்கும் மழை நாளுக்கும் நடுவே விவசாயி செய்யக் கூடியது ஒன்றுமில்லை. கையைக் கட்டிக்கொண்டு வானத்தைப் பார்க்கலாம். அல்லது குற்றாலம் போகலாம்.

ஒரு சனிக்கிழமை காலையில் புறப்பட்டோம். அம்மா, நம் மனைவி, கல்லூரியில் படிக்கும் மகன், எட்டாம் வகுப்பு மகள், நாம் ஆக ஐந்து பேர்; கட்டுச்சோறு ஒன்று; கடலை மிட்டாய்ப் பொட்டலம் இரண்டு. கழுகுமலை வரை பஸ் கறுப்பு நிலத்தின் நடுவிலேயே ஓடிற்று. விதைத்த காடுகள் சீவிவிட்ட தலைபோல வரிவரியாகக் கிடந்தன. பச்சை என்பது ஓர் இலை கூட இல்லை. கழுகுமலையில் ஒரே பாறையை மேலிருந்து கீழாகக் குடைந்து செதுக்கிய வெட்டுவான்கோயில் இருக்கிறது. பாண்டியர் காலத்துச் சிற்பிகள் அதை ஏன் முடிக்காமல் விட்டுப் போனார்கள் என்று மகள் கேட்டாள். "மழைக்குக் காத்திருந்திருப்பாங்க" என்றான் மகன். அம்மா சிரிக்கவில்லை.

சங்கரன்கோவில் தாண்டியதும் மண் சிவந்தது. மேற்கே புகைபோல ஒரு கோடு தெரிந்து, அது மெல்ல மெல்ல மலையாயிற்று. புளியங்குடியில் எலுமிச்சை மூட்டைகள், கடையநல்லூரில் நெல்வயல், வயலுக்கு நடுவே வாய்க்கால், வாய்க்காலில் தண்ணீர்! அம்மா முந்தானையால் ஜன்னல் கம்பியைத் துடைத்துவிட்டு முகத்தை அதில் பதித்துக்கொண்டார். நூறு கிலோமீட்டருக்குள் இரண்டு தேசங்கள் இருப்பதை நாம் இருபது வருஷமாகப் பூகோள வகுப்பில் சொல்லிக் கொடுத்து வருகிறோம். 'மலைச்சரிவு மண்டலம்', 'மானாவாரி மண்டலம்' என்று கரும்பலகையில் எழுதிக் கோடு போட்டால் முடிந்துவிடும் விஷயம். ஆனால் அந்தக் கோட்டை ஒரு கிழவியின் முகத்தில் பார்த்தது அன்றைக்குத்தான்.

தென்காசி 2019-ஆம் ஆண்டில் தனி ஜில்லாவின் தலைநகராகிவிட்டது. ஆனாலும் கோபுரத்தை விட உயரமாக அங்கே இன்னும் ஒன்றும் தோன்றவில்லை என்பது நமக்கு ஒரு திருப்தி. அங்கிருந்து குற்றாலம் ஐந்து, ஆறு கிலோமீட்டர்தான். பஸ்ஸை விட்டு இறங்கும்போதே மழை பிடித்துக்கொண்டது. சாரல் அல்ல, சாரல் என்பது ஆடி மாதத்து விளையாட்டு. இது வடகிழக்குப் பருவத்தின் கனத்த மழை, ஒரே வீச்சாக மலைமேல் விழுகிற மழை. ஸீஸன் கடைகளில் பாதி மூடியிருந்தன. எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்கள் ஆளில்லாமல் தங்களுக்குள் பேசிக்கொண்டிருந்தார்கள். ஆடியில் வானளாவிக் கேட்கிற அறை வாடகை பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது. குரங்குகள் மட்டும் எந்தச் சலுகையும் காட்டாமல் ஒரு கடலை மிட்டாய்ப் பொட்டலத்தை வழக்கமான விலைக்கே பறித்துக்கொண்டன. ஐப்பசி விசுத் திருவிழா முடிந்து, தேரைத் தகரம் போட்டு மூடியிருந்தார்கள்.

அருவிக்கரைக்குப் போனால் கயிறு கட்டித் தடுத்திருந்தது. "வெள்ளம், குளிக்கக் கூடாது" என்றார் போலீஸ்காரர். நம் மகன் முகம் வாடினான், ஆனால் வாதாடுவதற்கில்லை. 2024 மே மாதத்தில் பழைய அருவியில் திடீரென்று வந்த வெள்ளம் பதினேழு வயதுப் பையன் ஒருவனை அடித்துக்கொண்டு போய்விட்டது. மலைமேல் பெய்கிற மழை கீழே நிற்கிறவன் கண்ணுக்குத் தெரிவதில்லை. அவன் தலைக்கு மேலே வெயில் கூட அடித்துக்கொண்டிருக்கலாம்.

ஆகவே நின்று பார்த்தோம். பேரருவியைக் குளிக்கிற கூட்டத்துக்கு நடுவே பலமுறை பார்த்திருக்கிறோம்; குளிப்பவர் ஒருவர் கூட இல்லாமல் பார்த்தது அன்றுதான். மற்ற நாளில் அது ஒரு குளியலறை. அன்று அது ஒரு மலை உடைந்து விழுகிற காட்சி. நிறம் வெள்ளை அல்ல, செம்மண் கரைந்த தேநீர் நிறம். நடுவே பொங்குமாங்கடல் என்ற பள்ளம் இருக்கிறது. மேலிருந்து வருகிற தண்ணீர் அதில் விழுந்து, பொங்கி, வேகம் அடங்கி மறுபடி வழிவதனால்தான் சாதாரண நாளில் மனிதத் தலை அதைத் தாங்குகிறது. அன்று பொங்குமாங்கடல் என்று ஒன்று இருப்பதாகவே அருவி ஒப்புக்கொள்ளவில்லை. பேச்சுக் குரல் கேட்கவில்லை. காலடிக் கல் அதிர்ந்தது.

அம்மா ஒரு வார்த்தை பேசாமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பயந்துவிட்டாரோ என்று நினைத்து அருகே போனோம். உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. சுவாமி பெயரைச் சொல்கிறார் என்று எண்ணி நாமும் மரியாதையாக நின்றோம். அப்புறம்தான் தெரிந்தது: அவர் எண்ணிக்கொண்டிருந்தார்.

"எத்தனை கொடம் இருக்கும்யா?"

அருவியைக் குடத்தால் அளந்தவர்கள் அதற்கு முன் யாரும் இருந்திருப்பார்களா என்று தெரியவில்லை. ஆனால் அம்மாவுக்குத் தண்ணீர் என்றால் குடம்தான். அவர் வாழ்க்கைப்பட்ட ஊரில் கிணற்றுத் தண்ணீர் உப்பு. நல்ல தண்ணீருக்கு ஊருணி. ஊருணி வற்றினால் ஓடைமணலில் ஊற்றுத் தோண்டி, கசிகிற தண்ணீரைச் சிரட்டையால் கோதிக் கோதிக் குடத்தில் ஊற்ற வேண்டும். ஒரு குடம் நிறைய ஒரு மணி நேரம் ஆகுமாம். பின்னால் நாங்கள் டவுனுக்குக் குடி வந்தோம், குழாய் இருந்தது. ஆனால் எங்கள் தெருவில் அதில் தண்ணீர் பத்து, பன்னிரண்டு நாளைக்கு ஒரு முறை வந்த காலம் உண்டு. நடுராத்திரியில் வரும். நாற்பது குடம் பிடித்து வரிசையாக வைத்துவிட்டு, அம்மா கடைசிக் குடத்துக்கு மேல் கையை வைத்துக்கொண்டே உட்கார்ந்து தூங்குவார். இப்போது இரண்டாவது குழாய்த் திட்டமும் வந்து நிலைமை எவ்வளவோ தேவலை. ஆனாலும் வீட்டில் யாராவது முகம் கழுவினால், உள்ளே இருந்தபடியே சத்தத்தைக் கேட்டு "ஒரு சொம்பு போதும்" என்று சொல்லுகிற பழக்கம் அவரை விட்டுப் போகவில்லை.

"இம்புட்டுத் தண்ணியும் எங்கய்யா போகுது?" என்றார் அம்மா.

பூகோள வாத்தியாரிடம் இப்படிக் கேட்டால் சும்மா இருப்பாரா? ஈரப் பாறையின்மேல் குடைக் காம்பால் கோடு போட்டுக் காட்டினோம். இது சிற்றாறு. இந்தக் குற்றால மலையில் பிறந்து, தென்காசியைத் தொட்டுக்கொண்டு, கிழக்கே வயலுக்கும் குளத்துக்கும் கொடுத்துக்கொண்டே போகிறது. கங்கைகொண்டானைக் கடந்து, சீவலப்பேரி பக்கத்தில் தாமிரபரணியோடு கலக்கிறது. பள்ளு பாடிய புலவர் கண்ட முக்கூடல் அந்த இடந்தான். அதற்கப்புறம் கடல்.

"சீவலப்பேரியா?" என்றார் அம்மா.

"ஆமாம்."

"நம்ம கொழாய்க்குத் தண்ணி வாரது சீவலப்பேரியில இருந்துதானே?"

நேயர்களிடம் உண்மையைச் சொல்லிவிடுகிறோம். கோவில்பட்டிக்குக் குடிநீர் சீவலப்பேரி ஆற்றுப்படுகையிலிருந்து இறைக்கப்பட்டு நெடுந்தூரம் குழாயில் வருகிறது என்பது எங்கள் ஊர்ப் பச்சைக் குழந்தைக்கும் தெரியும். சிற்றாறு சீவலப்பேரியில் கலக்கிறது என்பது நாம் ஆண்டுதோறும் பையன்களுக்குக் கேள்வி கேட்டு மதிப்பெண் போடுகிற பாடம். இந்த இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து ஒரு நாளும் நினைத்ததில்லை. பாடம் பாடமாக இருந்தது. தண்ணீர் தண்ணீராக இருந்தது. எம்.ஏ. படித்த நம் மூளையில் சேராதது, கைநாட்டு வைக்கிற அம்மாவின் மூளையில் ஒரு நொடியில் சேர்ந்துவிட்டது.

"அப்போ இதுதானா அது?" என்று மறுபடியும் அருவியைப் பார்த்தார். இப்போது அவர் பார்வை மாறியிருந்தது. வேற்றூரில் எதிர்பாராமல் சொந்தக்காரரைக் கண்டவர் பார்க்கிற பார்வை அது.

அன்று மாலை மழை சற்று விட்டதும் திருக்குற்றாலநாதரைத் தரிசித்தோம். சங்கின் வடிவத்தில் அமைந்த கோயில், குறும்பலா தலவிருட்சம். நடராஜருடைய ஐந்து சபைகளில் சித்திரசபை இங்கே, குளக்கரையில் தனியாக இருக்கிறது. மற்றச் சபைகளில் பொன்னும் வெள்ளியும் செம்பும் ரத்தினமும். இங்கே வெறும் சுவரும் வர்ணமும். நம் மனைவிக்கும் மகளுக்கும் அங்கிருந்து வர மனமில்லை. அம்மா ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுக் குளத்தின் படியில் உட்கார்ந்துகொண்டார்.

குற்றாலம் என்றால் திரிகூடராசப்பக் கவிராயரின் குறவஞ்சியை நினைக்காமல் இருக்க முடியாது. அதற்கு அடுத்தபடியாக ரசிகமணி டி. கே. சி.யை. 1954-ல் காலமாகும் வரையில் அவர் கடைசிக் காலத்தைக் கழித்தது இங்கேதான். ராஜாஜியும் கல்கியும் அவரைத் தேடிக்கொண்டு இங்கே வருவார்கள். அவர்கள் மட்டுமா? கோவில்பட்டிக்குப் பக்கத்து இடைசெவல் கிராமத்திலிருந்து இரண்டு இளைஞர்களும் அவரைத் தேடி வந்தார்கள். ஒருவர் கு. அழகிரிசாமி, மற்றவர் கி. ராஜநாராயணன். கரிசல் காட்டுப் பேச்சை இலக்கியமாக்கிய இருவரும் தமிழை ரசிப்பதற்குத் தண்ணீரும் நிழலும் உள்ள இந்த இடத்துக்கு வந்து போனவர்கள் என்பதை நினைத்துக்கொண்டால், எங்களைப் போன்றவர்களுக்கு ஒரு சின்னப் பெருமை. எட்டயபுரத்துக் கரிசலில் 1882-ல் பிறந்த பாரதியாரும் 1918-ல் சிறையிலிருந்து வந்தபின் குடியிருந்தது இதே மலையடிவாரத்துக் கடையத்தில்தான். அது செல்லம்மாளின் ஊர்.

எதிர்த்திசையில் போனவரும் உண்டு. பக்கத்துச் செங்கோட்டையில் பிறந்த வாஞ்சிநாதன் 1911 ஜூன் 17-ந் தேதி கலெக்டர் ஆஷைச் சுட்ட மணியாச்சி ஜங்ஷன் எங்கள் வறண்ட சீமையில் இருக்கிறது. ஆஷ் துரை அன்று புறப்பட்டது கோடைக்கானலுக்கு. மலைவாசம் என்பது அப்போது துரைமார்களின் பாத்தியதை. இன்று ஒரு பள்ளிக்கூட வாத்தியார் தம் கிழத் தாயாரை அழைத்துக்கொண்டு, பாதி வாடகையில் அறை எடுத்துத் தங்க முடிகிறது. ஸீஸன் இல்லாவிட்டால் என்ன?

இரவு சாப்பாட்டுக்குப் பிரானூர் பார்டர் பரோட்டா வேண்டும் என்று மகன் பிடிவாதம் பிடித்தான். போனோம், தின்றோம். வயிற்றைப் பற்றி அதிகம் எழுதாமலிருப்பது நல்லது.

திரும்பி வந்து படுத்தபோது கூரைமேல் மழை மத்தளம் வாசித்தது. ஒன்பது மணிக்குச் சித்தப்பா மகன் டெலிபோன் செய்தான். அம்மா எழுந்து உட்கார்ந்தார். "பெரியம்மா, அங்க மழையா? சத்தம் இங்க வரைக்கும் கேக்குதே" என்றான். "இங்க மேகாத்துப் பக்கம் மின்னிச்சு. நாலு சொட்டு விழுந்துச்சு. அம்புட்டுத்தான்." நாலு சொட்டு என்பதுதான் கரிசலில் பயங்கரமான சொல். ஒன்றுமே விழாவிட்டால் விதை தூங்கிக்கொண்டிருக்கும், ஆபத்தில்லை. நாலு சொட்டு அதைப் பாதித் தூக்கத்தில் எழுப்பிவிடும்.

"வெதை நனைஞ்சிருக்கா? தோண்டிப் பாத்தியா?"

"மேலதான் பெரியம்மா. உள்ள புழுதிதான்."

அம்மா டெலிபோனை வைத்துவிட்டு விளக்கை அணைக்கச் சொன்னார். ஆனால் தூங்கவில்லை. அந்த மழைச் சத்தத்தை நாங்கள் தாலாட்டாகக் கேட்டோம். அவருக்கு அது பக்கத்து வீட்டு விருந்துச் சத்தமாகக் கேட்டிருக்க வேண்டும். மழை அதிகமானாலும் கரிசலுக்குச் சுகமில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2023 டிசம்பரில் எங்கள் ஜில்லாவின் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டிற்று. அந்த மழையில் எங்கள் பக்கத்துக் கண்மாய்களும் உடைந்து, நின்ற பயிர் தண்ணீருக்குள் அழுகிப்போயிற்று. அளவாகப் பெய்வது எப்படி என்பதை இந்த மலை மட்டும் எங்கே கற்றுக்கொண்டதோ!

ஞாயிற்றுக்கிழமை காலையில் வெள்ளம் வடிந்திருந்தது. பேரருவியில் பெண்கள் பக்கம் திறந்துவிட்டார்கள் என்று செய்தி வந்ததும், எண்ணெய்ப் புட்டியோடு கிளம்பிய நம் மனைவியை வாசலிலேயே தடுத்தோம். எண்ணெய், சோப்பு, ஷாம்பு எதுவும் அருவியில் கூடாது என்பது மதுரை உயர்நீதிமன்றக் கிளையின் உத்தரவு. நல்ல உத்தரவு. கீழே அதைக் குடிக்கிறவர்கள் இருக்கிறார்கள் என்று முந்தின நாள்தான் நாமே கண்டுபிடித்திருந்தோம் அல்லவா?

அதற்கு மேல் நடந்தது நம் மகள் சொல்லிக் கேட்டது. ஆச்சி முதலில் அருவிக்குள் போகவே இல்லையாம். ஓரத்தில் பாறையில் வழிகிற தண்ணீரில் ஒரு கையை நீட்டிக்கொண்டு நின்றாராம். "உள்ள வாங்க ஆச்சி" என்று இழுத்ததும் நாலடி வைத்தார், தண்ணீர் தோளில் விழுந்ததும் "அடி ஆத்தீ!" என்று ஒரு கூச்சல். பிறகு அவரை வெளியே கூட்டி வருவதுதான் பெரும் பாடாகிவிட்டது. ஒரு மணி நேரம்! கரையில் காத்திருந்த எங்களுக்கு, அம்மா சின்னப் பெண்ணைப் போல நடுங்கிக்கொண்டு, தலைமுடி முகத்தில் ஒட்ட, பல் தெரியச் சிரித்துக்கொண்டு வந்தது இன்னும் கண்ணுக்குள் இருக்கிறது. "ஒரு சொம்பு போதும்மா" என்றான் மகன். அம்மா அவன் முதுகில் ஓர் அடி வைத்தார்.

திரும்பும்போது பஸ்ஸில் நமக்கு மனச்சாட்சி உறுத்திற்று. ஆசிரியருக்குள்ள வியாதி. தப்பாக ஒன்றைச் சொல்லிக் கொடுத்துவிட்டால் தூக்கம் வராது. "அம்மா, நேத்து நான் சொன்னது முழுக்கச் சரியில்லை" என்று ஆரம்பித்தோம். சிற்றாற்றில் வழிநெடுக அணைக்கட்டுகள். இந்தத் தண்ணீரில் பெரும்பகுதி வயலுக்கும் குளத்துக்கும் போய்விடும். எங்கள் குழாயில் வருஷம் முழுவதும் வருவது பெரும்பாலும் பாபநாசத்திலும் மணிமுத்தாற்றிலும் தேக்கிய பொருநைத் தண்ணீர். ஐப்பசி, கார்த்திகை வெள்ளத்தில்தான் சிற்றாறு நிறையக் கொண்டுவந்து சேர்க்கும். மற்ற நாளில் குற்றாலத் தண்ணீர் நம் வீட்டுக்கு ஒரு குடம் வந்தால் பெரிது.

அம்மா பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"ஒரு கொடம் வருதா, இல்லையா?"

"வரும்."

"சரி" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

சங்கரன்கோவில் வரை சாலை நனைந்திருந்தது. கழுகுமலைக்கு இந்தப் பக்கம் புழுதி பறந்தது.

செவ்வாய்க்கிழமை பின்னிரவில் குழாயில் தண்ணீர் வந்தது. விழித்துப் பார்த்தபோது அம்மா வழக்கம்போல எங்களுக்கு முன்பே எழுந்து, குடங்களை வரிசையாக எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். குழாய் முதலில் காற்றைக் கக்கி இருமும். அப்புறம் கலங்கலாகக் கொஞ்சம் வரும். அதைச் செடிக்கு ஊற்றிவிட்டுத் தெளிந்த பிறகு பிடிப்பது வழக்கம். அன்று அவர் அந்த முதல் தண்ணீரைக் கையில் ஏந்தி, தெருவிளக்கு வெளிச்சத்தில் பார்த்தார். லேசான செந்நிறம். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, தலையில் தெளித்துக்கொண்டார். பிறகு குடத்தை வைத்தார்.

மூன்று ஏக்கருக்கு மழை அடுத்த சனிக்கிழமை பெய்தது. இரண்டு ஏக்கர் உளுந்து முளைத்துவிட்டது. மக்காச்சோளத்தில் பாதி அந்த நாலு சொட்டுக்கு ஏமாந்துபோனதால், அந்த அளவுக்கு மறுபடி விதை வாங்க வேண்டியதாயிற்று.